மாரியப்பன் என்றொரு டப்பா

1

இன்று ஞாயிறு. மணி பத்தரை ஆகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சரியாகப் பதினொரு மணிக்கு என் மகள் எனக்குப் போன் செய்தாள். நான்காவது ஞாயிறு செய்யவில்லை. இன்று ஐந்தாவது. இன்றும் செய்ய மாட்டாள், அதற்குக் காரணம் நான்தான். போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதற்கு நடந்ததை எழுதிவிடலாமே என்று நோட்டை எடுத்தேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒரு போன் வருவது பெரிய சங்கதியாகத் தெரியாது. கோயில் கொடைக்கு வரியா, சடங்குக்கு வரியா என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே பம்பாய் திலக் நகரில் எனக்கு அடிப்பது கேஸ் சிலிண்டர்க்காரரும், லோன் வேண்டுமா என்று இந்தியில் கேட்கிற ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணிடமே ஒரு தரம் சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டுவிட்டேன். 'சர்?' என்றாள். வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரி ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நீங்களும் வாங்க என்றாள். மகள் பிரியா இங்கே ஐரோலியில் வேலை பார்க்கிறாளே, ஒரு ஆத்திர அவசரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டாமா என்று நான் நின்றுவிட்டேன். ஐரோலிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கடல் கழி, இரண்டு ரயில். ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவள் தோழிகளோடு ஃப்ளாட் எடுத்துப் போன பிறகு இந்தப் பக்கம் வந்தது மூன்று தரமோ நான்கு தரமோ. கோபமெல்லாம் இல்லை. வேலை, தூக்கம், துணி துவைக்கிற நாள், இப்படி ஒரு வாரம் ஓடிவிடுகிறது. போனில் பேசினாலும் இரண்டு நிமிஷம். சாப்ட்டியா, சாப்ட்டேன். மழையா, மழைதான். அவ்வளவு.

2

நான் பதினெட்டு வயதில் ஆலங்குளத்துப் பக்கமிருந்து வந்து தாராவியில் காதர் பாய் பட்டறையில் சேர்ந்தேன். தோல் பை செய்கிற இடம். பாய் கடையநல்லூர்க்காரர். எனக்குக் கொடுத்த வேலை, தைத்து முடித்த பையில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது. சில வருஷம் கழித்து பாய் ஓர் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கிவந்து, தூசி படாமல் துணி போர்த்தி மூலையில் வைத்தார். யாருக்கும் அதைத் தொடத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் துணியை விலக்கி உட்கார ஆரம்பித்தேன். நடைபாதையில் வாங்கிய ஒரு புத்தகம், பாதி புரிந்தது, மீதி குருட்டாம்போக்கு. ஒரு வருஷத்தில் பட்டறைக்கு ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன். எந்த வேலையில் எத்தனை பை நிற்கிறது என்று சொல்லும். அதை வைத்துத்தான் பிறகு மாட்டுங்கா ஊறுகாய்க் கடைக்கும் செம்பூர் மருந்துக் கடைக்கும் எழுதிக் கொடுத்துப் பிழைத்தேன்.

புரோகிராம் என்றதும் பயந்துவிடாதீர்கள். அடுக்களையில் டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அது மாதிரிதான். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பெயர் ஒட்டி உள்ளே ஓர் எண்ணைப் போட்டு வைக்கிறோம். என்ன பெயர் ஒட்டினாலும் கம்ப்யூட்டருக்குக் கவலை கிடையாது. கழுதை என்று ஒட்டினாலும், ஒவ்வொரு தரமும் அதே கழுதையைக் கூப்பிட்டால் எடுத்துக் கொடுத்துவிடும். பெயரைப் பார்த்துக் குழம்புவது பின்னால் வந்து படிக்கிற மனுஷன்தான். பின்னால் ஒருவர் வருவார் என்று அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை.

அதனால் பட்டறையில் எப்படிப் பேசினார்களோ அப்படியே பெயர் வைத்தேன். அங்கே யாரும் வெட்டு, ஒட்டு, தையல் என்று சொன்னதில்லை. "பிச்சையாட்ட எத்தன நிக்கி?" என்பார்கள். "செல்லத்தாய்ட்ட நாப்பது." பிச்சையா என்றால் வெட்டி முடித்தது. செல்லத்தாய் என்றால் பசை போட்டு ஒட்டியது. அந்தோணி என்றால் தைத்தது. டப்பாவிலும் அதே பெயர்கள் இங்கிலீஷ் எழுத்தில் ஏறின. கடைசியில் பதினேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆள் மாறினாலும் பெயர் மாறவில்லை. பிச்சையா ஊருக்குப் போன பிறகு அவர் பலகையில் ஒரு பீகார்க்காரர் உட்கார்ந்தார். அவரும் 'பிச்சையா மே தீஸ் ஹை', பிச்சையாவில் முப்பது இருக்கிறது, என்றுதான் சொன்னார், பிச்சையா முகத்தையே பார்க்காதவர்.

3

காதர் பாய் இப்போது இல்லை. மகன் நிஜாம் பார்க்கிறான். பட்டறையில் பாதியை வாஷிப் பக்கம் மாற்றுகிறோம் மாமா, புது ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் போனிலேயே தெரிகிற மாதிரி புரோகிராம் வேண்டும், பிரியா செய்து தருவாளா என்று கேட்டான். சின்ன வயதில் அவள் அங்கே தோல் துண்டுகளை அடுக்கி வீடு கட்டி விளையாடியவள். சனி ஞாயிறில் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். நான் எழுதியதை அவளுக்கு அனுப்பி வைத்தேன்.

முதல் ஞாயிறு பதினொரு மணிக்குப் போன்.

"அப்பா, பிச்சையா யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து ஒருவர் பிச்சையாவைப் பற்றிக் கேட்கிறார். சொன்னேன். அளவுப் பலகை இல்லாமல் கண்ணாலேயே வெட்டுவார், தோலைத் தடவிப் பார்த்து இந்த மாடு முள்வேலியில் மாட்டியிருக்கிறது என்று சொல்வார், அப்படி இப்படி.

"அரே அப்பா, ஆளு வேண்டாம். அந்த டப்பால என்ன இருக்கு, அது மட்டும் சொல்லுங்க." ஆனால் அவளும் சிரித்தாள். வைக்கிறபோது பார்த்தேன், நாற்பத்திரண்டு நிமிஷம்.

அவள் ஆபீஸில் பெயர் வைப்பதற்குத் தனியாகச் சட்டமே இருக்கிறதாம். எனக்குப் பாடம் எடுத்தாள். இரண்டு சொல் சேர்ந்தால் நடுவில் இடம் விடக்கூடாது, இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட வேண்டும். ஒட்டகத்துத் திமில் மாதிரி நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். மாறவே மாறாத எண் என்றால் எல்லா எழுத்தும் பெரிதாக. ஆமா, இல்லை என்று மட்டும் பதில் சொல்கிற டப்பா என்றால் பெயரே கேள்வி மாதிரி இருக்க வேண்டும். மனுஷர் பெயர் கூடவே கூடாது. புதுசு என்று எதற்கும் பெயர் வைக்கக் கூடாது, ஏனென்றால் நாளைக்கு அது பழசாகிவிடும்.

இந்தக் கடைசிச் சட்டத்தைச் சொன்னபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் போனில் என் பெயர் 'அப்பா நியூ' என்று இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் நம்பர் மாற்றியபோது போட்டது.

இன்னொன்றும் சொன்னாள், அது என் மனதில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிற டப்பாவுக்கு ஓர் எழுத்துப் பெயர் போதுமாம். எவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட வேண்டியிருக்கிறதோ அவ்வளவு நீளமாகப் பெயர் இருக்க வேண்டுமாம். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் நான் பாண்டி. தெருவில் கோட்டைச்சாமி மகன் பாண்டி. தாராவிக்கு வந்ததும் ஆலங்குளத்துச் சங்கரபாண்டி. அரசாங்கப் படிவத்தில் அதுவும் போதவில்லை. முன்பெயர், நடுப்பெயர், சர்நேம் என்று மூன்று கட்டம். ஒன்று காலியாக இருந்தாலும் மெஷின் ஏற்காது என்றார் கவுண்டரில் இருந்தவர். எங்களுக்கு சர்நேம் கிடையாது சாப் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் பெயர் இல்லாமல் பிறந்துவிட்டவன் போலிருந்தது. கடைசியில் என் அப்பா எனக்கு சர்நேம் ஆனார், பிரியாவுக்கு நான் ஆனேன்.

அதில் ஒரு வேடிக்கை. அவள் குழுவில் மூன்று பிரியா. ஒரே பெயரில் மூன்று டப்பா இருந்தால் எதை எடுப்பது? அதனால் இவளை சர்நேமில் கூப்பிடுகிறார்கள், அதையும் சுருக்கி சங்கர் என்று. நான் காலெடுத்து வைக்காத ஓர் ஆபீஸில் ஒரு நாளைக்கு நாற்பது தரம் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்ப்பது அவள்.

4

முதல் ஞாயிறு முடிந்ததும் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

நோட்டில் பதினேழு பெயரையும் எழுதினேன். ஒரே மூச்சில் சொன்னால் ஒரு நாளில் முடிந்துவிடும். வாரத்துக்கு மூன்று பேர் என்றால் ஒன்றரை மாதம் தாங்கும். யாரை எந்த வாரம் சொல்வது என்று பக்கத்தில் குறித்தேன். நல்ல கதை உள்ளவர்களைப் பின்னால் வைத்தேன். சனிக்கிழமை சாயந்திரம் ஒத்திகை மாதிரி மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன்.

வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன், மகள் முக்கால் மணி நேரம் பேசினாள் என்று. அவள் ஊரிலிருந்தே என்னைப் பிடித்துவிட்டாள். "புள்ளைக்குச் சோளப்பொரி போடுத மாதிரி ஒவ்வொண்ணாப் போடுதீங்களோ? அவளுக்கு வேல முடியாண்டாமா?" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு செல்லத்தாயும் இன்னும் சிலரும். பசை வாசனையிலேயே மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் செல்லத்தாய். அவளுக்கு முப்பத்தெட்டு நிமிஷம் கிடைத்தது.

மூன்றாவது ஞாயிறு மாரியப்பன் முறை. மாரியப்பன் அண்ணாச்சியின் கதை இரண்டு பாகம். முதல் பாகத்தில் அவர் தையல்காரர், பட்டறையிலேயே கெட்டிக்காரத் தையல்காரர், தையல் ஓடுகிறபோது பேச்சு கொடுத்தால் பதிலே வராது. இரண்டாம் பாகத்தில் அவர் தையலை விட்டுச் சோதனைக்கு உட்கார்ந்தார். மாரியப்பன் டப்பாவில் இருப்பது சோதித்து முடித்த பைகளின் எண்ணிக்கை. இரண்டாம் பாகம்தான் புரோகிராமுக்கு வேண்டியது. முதல் பாகம் சொல்லி முடிக்கிறபோதே அரை மணி ஆகிவிட்டது. அடுத்த வாரத்துக்குக் கையில் ஒன்று இருக்கட்டுமே என்று நிறுத்தினேன்.

"அச்சா, அப்போ இதுவும் ஸ்டிட்சிங்தானே?" என்றாள்.

"ஆமா, தையக்காரர்தான். மிச்சம் ஒண்ணு இருக்கு, அடுத்த வாரம் சொல்லுதேன்."

அவள் காதில் 'ஆமா' விழுந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு நொடி உறைத்தது. இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று சொன்னது. அவளுக்கு வேறு போன் வந்தது, வைத்துவிட்டாள். நானும் திருப்பிக் கூப்பிடவில்லை. ஒரு வாரத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

நான்காவது ஞாயிறு குளித்து, காப்பி போட்டு, இரண்டாம் பாகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே காலுக்கு மெசேஜ் வந்தது, பிஸி அப்பா என்று.

5

அந்த வாரத்துக்குள் நிஜாம் வாஷியில் வேலையை ஆரம்பித்துவிட்டான். வெட்டிலிருந்து பெட்டி போடுகிறவரை முக்கியமானதை முதலில் கொடு, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று பிரியாவிடம் வாங்கிக்கொண்டானாம். அவள் அந்தோணியையும் மாரியப்பனையும் ஒரே தையலாகக் கூட்டிவிட்டாள். சோதனைக்கென்று டப்பாவே இல்லாமல் போயிற்று. தைத்ததெல்லாம் பெட்டிக்குத் தயார் என்று போன் காட்டியது. தாராவிப் பட்டறையில் இது நடந்திருந்தால், மாரியப்பன்ட்ட போகாம எங்க எடுத்துட்டுப் போற என்று யாராவது கையைப் பிடித்திருப்பார்கள். வாஷியில் உள்ளவர்களுக்கு மாரியப்பனைத் தெரியாது. போன் சொன்னதைக் கேட்டார்கள். தையல் விட்டுப்போன பைகளும் சேர்ந்தே பெட்டிக்குள் போயின. பைகளை வாங்கிய கடைக்காரர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை நிஜாம் கூப்பிட்டான். கோபப்படவில்லை. "பிரியா தன் தப்புன்னு சொல்லுது மாமா. பாவம், அதுக்கும் ஆபீஸ் வேல. வேற ஆளப் பாக்கட்டுமா?" என்றான். உன்னைப் பிறகு கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ரயில் ஏறினேன். வாஷியில் இறங்கி மாறி ஐரோலி. அவள் ஆபீஸ் வாசலில் வரிசையாக டீக்கடைகள். மத்தியானம் ஒரு மணிக்குக் கழுத்தில் அட்டை தொங்கக் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். யாரோ 'சங்கர்!' என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பினேன். பத்தடி தள்ளி என் மகளும் திரும்பினாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

இல்லை என்றேன். இரண்டு டீ சொன்னேன். நிஜாம் அண்ணனிடம் பேசிவிட்டதாகவும், சோதனை டப்பா எங்கே என்று தானாவது கேட்டிருக்க வேண்டும் என்றும் அவளே ஆரம்பித்தாள்.

"உன் தப்பு இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"மத்லப்? அப்படின்னா?"

"அண்ணாச்சி தையல விட்டு செக்கிங்குக்கு மாறுனது. சொல்ல வந்தேன். அடுத்த வாரத்துக்குன்னு வச்சுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"முழுசாச் சொல்லிட்டா அடுத்த ஞாயித்துக்கெழம நீ எதுக்குக் கூப்பிடுவ?"

அவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அதுக்காக நிஜாம் அண்ணன் சரக்கு திரும்பி வரணுமாப்பா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து டீக்கடை பெஞ்சில் வைத்தாள்.

"இன்னும் எத்தன பேரு பாக்கி?"

"ஒம்பது."

"கதை வேண்டாம்ப்பா. டப்பால என்ன இருக்கு, அது மட்டும்."

சொன்னேன். தங்கம், ஜிப் வைத்தது. முருகையா, கைப்பிடி மாட்டியது. இப்ராகிம், சாயம் பூசிக் காய்வது. ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. அவள் விரல் போகிற வேகத்துக்கு நானும் சொன்னேன். எட்டு நிமிஷத்தில் ஒன்பது பேரும் முடிந்துபோனார்கள். மூன்று வாரத்துக்கு வைத்திருந்தது.

அவள் எழுந்து, பார்த்துப் போங்க என்றாள். உள்ளே போனாள். திரும்பி வருகிற வழியில் வாஷியில் இறங்கி நிஜாமிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன், "விடுங்க மாமா, அவளே முடிக்கட்டும்" என்றான். அங்கே பத்துப் பேர் திரும்பி வந்த பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து, இருட்டுகிறவரை விட்டுப்போன தையலின் நூலைக் கத்தரித்தேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு அதே வேலை.

நேற்று அவள் முடித்ததை நிஜாம் எனக்கு அனுப்பினான். படித்துப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. வெட்டியது, ஒட்டியது, தைத்தது, சோதித்தது. அந்தப் பட்டறையில் ஒருவரையும் தெரியாதவர்கூடப் படித்துப் புரிந்துகொள்ளலாம். அப்படித்தான் எழுத வேண்டும். நான் மேலிருந்து கீழே இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். ஒரு மனுஷரும் இல்லை.

6

மேலே உள்ளதை எழுதி முடிக்கிறபோது பதினொன்றே கால். போன் அடிக்கவில்லை. பதினொன்றரைக்கு நானே அடித்தேன்.

"சொல்லுங்கப்பா. ஏதும் தப்பா இருக்கா?"

"இல்ல, எல்லாம் சரியா இருக்கு. படிச்சேன்."

"பின்ன?"

என்னிடம் கொடுக்க ஒரு பெயரும் மிச்சம் இல்லை. "மாரியப்பன் அண்ணாச்சி கதை பாதியில நிக்கி" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் வந்தது. துணி மடித்துக்கொண்டிருப்பதாகவும் ஸ்பீக்கரில் போடுவதாகவும் சொன்னாள். இந்தத் தரம் எதையும் பிடித்து வைக்கவில்லை. அண்ணாச்சிக்குக் கண் மங்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை, மெஷினை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்ற பயம். கை பழக்கத்திலேயே ஒரு வருஷம் தைத்தார். ஊசியில் நூல் கோர்க்க மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பக்கத்து ஆளிடம் கொடுப்பார். காதர் பாய்க்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டவில்லை. ஒரு நாள், "அண்ணாச்சி, இவனுவ தைக்கது ஒண்ணும் சரியில்ல, நீங்க உக்காந்து பாத்துச் சொல்லுங்க" என்று பெட்டி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தைத் தையல் மேல் ஓட்டுவார். ஒரு தையல் விட்டிருந்தாலும் நகம் நின்றுவிடும்.

சொல்லி முடித்தேன்.

"இப்ப எங்க இருக்காங்க அவங்க?" என்று கேட்டாள்.

ஊருக்குப் போய் ஆறேழு வருஷம் ஆயிற்று, சுரண்டைப் பக்கம், அதற்கு மேல் தெரியாது என்றேன்.

"போன் பண்ணிக் கேக்கலியா?"

"இல்ல."

"நம்பர் இல்லியா?"

"இருக்கு."

"பின்ன ஏன்ப்பா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "கூப்பிட்டா என்னன்னு கேப்பாங்க. சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள், அரிசி வெந்திருக்கும், வைக்கிறேன் என்றாள். அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் போனில் தேடினேன். 'மாரியப்பன் ஊர்' என்று இருந்தது. போகிற அன்றைக்கு தாதர் ஸ்டேஷனில் வைத்து, ஒவ்வோர் எண்ணாக அவர் வாயால் சொல்ல நான் அழுத்தியது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை நான் தொட்டதில்லை. அழுத்தினேன். ரொம்ப நேரம் அடித்து, ஒரு பெண் எடுத்தாள். மருமகளாக இருக்கும்.

பம்பாயிலிருந்து சங்கரபாண்டி பேசுகிறேன் என்றேன்.

"என்ன விசயமாப் பேசுதீய?"

"விசயம் ஒண்ணும் இல்லம்மா. அண்ணாச்சி இருக்காங்களா?"

ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மச்சுப்படில உக்காந்திருக்காவ. இருங்க, குடுக்கேன்."